எண்ணெய் மேலே ஏறும் வரை

கருத்தான்விலக்குக்கு மேற்கே மலை இருந்தது, மலைக்கு மேலே மேகம் இருந்தது, மேகத்துக்குள்ளே மழையும் இருந்தது. ஆனால் அந்த மழை குற்றாலத்தில் பெய்யும், செங்கோட்டையில் பெய்யும், தென்காசியில் கோபுரம் நனைய நின்று பெய்யும், கருத்தான்விலக்கு எல்லைக்கு வந்ததும் எதையோ வீட்டில் மறந்துவைத்துவிட்டு வந்த ஆள்போல அப்படியே திரும்பிப் போய்விடும் என்பதால், அந்த ஊரில் கதவென்றால் கிறீச்சிடும், கிணற்று ராட்டினம் என்றால் அலறும், ரேஷன் கடை ஷட்டரைத் தூக்க இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும், நாற்பது தாண்டிய யாருக்கும் முழங்கால் ஒழுங்காக மடங்காது, ஒருமுறை கோபித்துக்கொண்டவர்கள் அவ்வளவு லேசில் மறுபடி பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். இதையெல்லாம் ஊர்க்காரர்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. நம்ம ஊர்க் காற்று அப்படி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அந்த ஊரில், ரயில்வே கேட்டுக்குப் போகும் சாலையில், ஒரு தகரக் கொட்டகைக்குள் மெக்கானிக் ஆவுடையப்பன் ஓடாத வெள்ளை அம்பாசடர் கார் ஒன்றோடு பதினோரு வருஷமாகத் தனியாக இருந்தார். கார் ஒன்றும் தானாக ஓடாமல் போகவில்லை. தென்காசி டாக்டர் ஒருவர் கழித்துப்போட்ட வண்டியை வாங்கிவந்து, மூன்று வருஷம் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துக் கோத்து, மகள் வடிவின் கல்யாண ஊர்வலத்துக்கென்று வெள்ளைப் பெயின்ட் அடித்துத் துணி போர்த்தி வைத்திருந்தார். தாயில்லாத பெண், அந்தக் கொட்டகையிலேயே வளர்ந்தவள், பைக்கைச் சரிபார்க்க வந்த எட்வின் என்கிற ராணுவ லாரி டிரைவரைப் பார்த்து, பிடித்துப்போய், வேறு மாப்பிள்ளையோடு நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கையில் ஒரு பையோடு வந்து அப்பா எதிரில் நின்று, விஷயத்தைச் சொன்னாள். வடிவு ஓடிப்போனாள் என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் ஓடவில்லை. காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க, மெதுவாகத்தான் நடந்து போனாள்.

அன்றைக்கு ஆவுடையப்பனுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளை அடிக்கிற கை இல்லை அது. அதனால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்து, எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தங்கும் சேம்பரின் நட்டைக் கழற்றிவிட்டார். புதுசாக ஊற்றி வைத்திருந்த ஆயில் முழுக்க மண்ணில் கொட்டியது. அது கொட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அடியில் கிடந்தபடியே கத்தினார்: "இந்த வண்டி இனி ஓடாதுட்டீ. இது ஓடுத அன்னைக்குத்தான் ஒன் வீட்டுப் படி ஏறுவேன்." வடிவு மேலே நின்று ஏதோ பதில் சொன்னாள். அவருடைய சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. அவர் வெளியே வந்தபோது அவள் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தாள்.

தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. ஆவுடையப்பன் சொன்னால் சொன்னதுதான் என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். முதல் வருஷம் அந்தப் பெருமை அவருக்கும் பிடித்திருந்தது. இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷத்திலிருந்து அது கழற்ற முடியாத சட்டை மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டது. பஸ் ஏறினால் மகள் இருக்கும் விருதுநகர் மூன்று மணி நேரம். ஆனால் எந்த பஸ்ஸில் ஏறினாலும் கண்டக்டர் முதற்கொண்டு கேட்பான், என்ன அண்ணாச்சி, வண்டி ஓடிட்டா என்று. பிறத்தியார் வண்டிகளை ஓட வைத்துக்கொண்டு, தன் வண்டியின் மேல் விழும் தூசியைப் பார்த்துக்கொண்டு, தனக்கு மட்டும் சமைத்து, தனக்கு மட்டும் தட்டு வைத்துச் சாப்பிட்டுவந்தார்.

பக்கத்து வீட்டில் தையல்காரி ரஹ்மத் பீவி இருந்தாள். வடிவு அவளுக்குத்தான் போன் பண்ணுவாள். பீவி வேண்டுமென்றே மதில் ஓரம் வந்து நின்று, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல, "நல்லாருக்கியாம்மா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா? இட்லி சாப்பிட்டாளா?" என்று சத்தமாகப் பேசுவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் ஆவுடையப்பன் கையிலிருக்கும் ஸ்பேனரைச் சத்தம் வராமல் துணிமேல் வைத்துவிட்டு அசையாமல் நிற்பார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு ஆடி மாதத்துச் சனிக்கிழமை, பீவி போனை வைத்துவிட்டு மதிலுக்கு மேலே தலையை நீட்டி நேராகவே சொன்னாள்.

"அண்ணாச்சி, மருமவனுக்கு அஸ்ஸாமுல குவார்ட்டர்ஸ் கெடச்சுட்டாம். அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியான ரயிலுக்கு எல்லாரும் போறாவளாம். இனி எந்தக் காலத்துல வருவாவளோ. அப்பா வந்தா வரட்டும்னு சொன்னா."

அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் காரின் மேலிருந்த துணியை உருவினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டயர்களுக்குக் காற்றடித்தார், டாங்கியைக் கழுவிப் பெட்ரோல் ஊற்றினார், பழைய பேட்டரி ஒன்றைச் சார்ஜ் போட்டார். வண்டி ஓடியாக வேண்டும், ஓடினால் போகலாம், சொன்ன சொல்லும் பொய்யாகாது. எட்டு நாளில் ஒரு மனிதனுக்குப் பதினோரு வருஷத்தைச் சரிசெய்ய வழி இருந்தது என்றால் இந்த ஒரு வழிதான் இருந்தது.

தொழில் தெரிந்தவன் எவனும் காய்ந்த எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட் பண்ண மாட்டான். பண்ணினால் இரும்பும் இரும்பும் வெறுமையாக உரசி, பத்து நிமிஷத்தில் எஞ்சின் இறுகிச் செத்துப்போகும். முதலில் சேம்பரில் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயில் ஃபில்டரை நிரப்ப வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு எஞ்சினுக்கு உயிர் கொடுக்காமல் முன்பக்கத்து ஹேண்டிலைப் போட்டுக் கையாலேயே சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற அடியிலிருக்கும் பம்பு எண்ணெயை உறிஞ்சும், எண்ணெய் குழாய் வழியாகப் போகும், ஒவ்வொரு துளையாக நனைத்துக்கொண்டே ஏறும், கடைசியில் எஞ்சின் தலையில் மூடியைத் திறந்து வைத்திருக்கிற இடத்தில் மினுமினுவென்று கசியும். அப்படி மேலே வந்து முகம் காட்டும் வரை பொறுக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆவுடையப்பன் நான்கு லிட்டர் ஆயில் ஊற்றி ஹேண்டிலைச் சுற்ற ஆரம்பித்தார். இருநூறு சுற்று சுற்றினார். மேலே எண்ணெய் வரவில்லை. அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். குச்சி துடைத்து வைத்ததுபோலக் காய்ந்திருந்தது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான்கு லிட்டர் ஆயிலும் எஞ்சினுக்குள் போயிருக்கிறது, எஞ்சினுக்குள் இல்லை.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், ஏழு வருஷமாகக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த பீவியின் தையல் மிஷின், தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் ஓடியது. ரேஷன் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கக் கைகொடுக்க ஆள் தேடிக்கொண்டே ஒரு கையை வைக்க, அது சரசரவென்று தானே ஏறி மேலே போய் நின்றது. பொதுக்கிணற்றின் ராட்டினம் வாய் மூடியது. ரயில்வே கேட்டைக் கேட் கீப்பர் ஒற்றை விரலால் உயர்த்தினார். பேரூராட்சித் தலைவர் தெய்வநாயகம், ஒன்பது வருஷமாகக் கழுத்துப் பிடித்து நேரே மட்டும் பார்த்துவந்தவர், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தார். திரும்பிய பிறகுதான் திரும்பியது அவருக்கே தெரிந்தது. டீக்கடை சண்முகவேலும் அவர் மனைவி பிச்சம்மாளும் ஒரு எருமை மாட்டை விற்ற தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லாமல், டீ குடிக்க வந்தவர்கள் மூலமாகவே, "பால் தீந்துட்டுன்னு அவருகிட்ட சொல்லுங்க," "சீனி எங்கன்னு அவகிட்ட கேளுங்க" என்று குடித்தனம் நடத்திவந்தார்கள். அன்று காலை பிச்சம்மாள் பாயிலரைப் பார்த்தபடியே, "என்னங்க, தண்ணி கொதிச்சுட்டு" என்றாள். சண்முகவேல், "பாத்துட்டேன்" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாக எழுந்து வெளியே போய் நின்றார்கள்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று ஊர் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. ஆவுடையப்பன் ஹேண்டிலை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் ராட்டினம் முனகத் தொடங்கியது, சுற்றினால் வாய் மூடியது. அவர் ஊற்றுகிற எண்ணெய் ஊருக்குள் போகிறது, அவ்வளவுதானே என்று ஏற்றுக்கொண்டார்கள். அது எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது போகும், யார் வீட்டுக்கு முதலில் போகும் என்றுதான் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மேலத்தெருக்காரர்கள் திரண்டு வந்து, எண்ணெய் தங்கள் பக்கம் வரும்போது பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது, கீழத்தெருவில் மட்டும் கிழவர்கள் குந்தி உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள், எங்கள் கிழவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார்கள். பேரூராட்சி கூடியது. காலை ஆறிலிருந்து எட்டு கீழத்தெருவுக்கு, எட்டிலிருந்து பத்து மேலத்தெருவுக்கு என்று முறை வைத்து, மைக் கட்டிய ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். முட்டிவலித் தைலம் விற்கும் மருந்துக்கடைக்காரர் மட்டும் இது ஆரோக்கியமில்லை என்று எதிர்த்தார். அவருடைய அம்மா புதன்கிழமை மாடிப்படி ஏறி வடகம் காயப்போட்டதும் அவரும் அடங்கிவிட்டார்.

ஆயிலுக்கும் குறை வைக்கவில்லை. ஆளுக்கொரு டப்பாவாக வாங்கிவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கோயில் தர்மகர்த்தா செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு டின் அனுப்பி, இதை ஊற்றினால் ஊருக்கே சூடு தணியும் என்று சொல்லிவிட்டார். ஆவுடையப்பன் அதைத் திருப்பி அனுப்பினார். எஞ்சின் என்ன பணியாரச் சட்டியா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அதற்குத் தர்மகர்த்தா இரண்டு நாள் வருத்தமாக இருந்தார்.

வாசல்வரை இத்தனை பேர் வந்தார்கள், உள்ளே ஒருவரும் வரவில்லை. அது ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் போய் யாராவது நலம் விசாரிப்பார்களா? கொட்டகைக்குள் ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றிப்போட்டு, குனிந்து, ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தது. ஊரில் எல்லார் தோளும் இளகிக் கிடக்க அவருடைய தோள் மட்டும் பலகையாக இறுகியது. எல்லார் வீட்டுக் கதவும் பூப்போலத் திறக்க அவருடைய கொட்டகைக் கதவு மட்டும் முன்னைப்போலவே கிறீச்சிட்டது. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் தம்பிகள் பேசினார்கள், சம்பந்திகள் பேசினார்கள், வரப்புத் தகராறு பண்ணியவர்கள் வரப்பைப் பற்றியே சிரித்துப் பேசினார்கள். அவரோடு பேச யாரும் இல்லை. இத்தனை பேச்சுக்கு நடுவில் தனியாக இருப்பது, பேச்சே இல்லாத ஊரில் தனியாக இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருநூறு சுற்றுக்கு ஒருமுறை நிமிர்ந்து எஞ்சின் தலையைப் பார்ப்பார். காய்ந்திருக்கும். மறுபடி ஊற்றுவார், மறுபடி குனிவார்.

வியாழக்கிழமை அவர் தெய்வநாயகத்தின் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்தாக வேண்டும், எண்ணெய் என் எஞ்சினுக்கு வரமாட்டேன் என்கிறது, இரண்டு நாள் ஊரில் யாரும் எதையும் திறக்காமல் மூடாமல் சும்மா இருந்தால் ஒருவேளை வரும் என்று கேட்டுக்கொண்டார். தலைவர் கழுத்தை அழகாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி யோசித்தார்.

"எடும்வே, யாரு வேண்டாம்னா? ஆனா வண்டி ஓடிட்டா, எண்ணெய் அதுலயே நின்னுக்கிடும்லா? பொறவு ஊருக்கு?"

"நான் எம் மகளப் பாக்கணும் அண்ணாச்சி."

"பஸ்ஸுல போயிட்டு வாரும். காலையில போயி, சாயங்காலம் வந்துட்டா திங்கக்கெழம முறை தவறாது."

"வண்டி ஓடுத அன்னைக்குத்தான் போவேன்னு சொல்லியிருக்கேன்லா."

"அத யாருவே இன்னும் ஞாபகம் வச்சிருக்கா?" என்றார் தெய்வநாயகம்.

ஆவுடையப்பனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பதினோரு வருஷம் அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஊர், தனக்கு வேண்டும் என்றதும் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் அதை மறந்துபோனது. பதில் பேசினால் வேறு ஏதாவது சொல்லி அதற்கு இன்னும் பதினோரு வருஷம் கட்டுப்பட வேண்டிவரும் என்று பயந்து, பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் சுற்றினார். சனிக்கிழமையும் சுற்றினார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் டப்பா எதுவும் மிச்சம் இல்லை, அவருடைய கையில் பலமும் மிச்சம் இல்லை. ஹேண்டிலை விட்டுவிட்டுக் காரின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நாளைக்கு இந்நேரம் வடிவு ரயிலில் இருப்பாள், நாலு நாள் தூரம், அப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலுக்கும் என்ன உறுதி என்று நினைத்தார்.

அப்போது கொட்டகைக்குள் ஆள் வரும் சத்தம் கேட்டது. ரஹ்மத் பீவி. அவள் கையில் ஒரு தம்ளர் டீ இருந்தது. பதினோரு வருஷத்தில் வேலை சொல்வதற்காக அல்லாமல் அந்தக் கொட்டகைக்குள் வந்த முதல் ஆள் அவள்தான். டீயைப் பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு, முதலில் எஞ்சினைப் பார்த்தாள், அப்புறம் அவருடைய கையைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் போவுது. ஒங்களுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்கு?"

"தெரியலியே தங்கச்சி."

"எங்க வீட்டு மாடிக் குழாயில தண்ணி வரலன்னா, பிளம்பரு மேல ஒரு மூடிய லேசாத் தெறந்து காத்த வெளிய விடுவான். விட்டா வந்துரும். இதுல அப்பிடி ஒண்ணும் கெடையாதா?"

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தபடியே இருந்தார். முப்பத்தைந்து வருஷத் தொழில். எத்தனை லாரிக்காரர்களை, ஏர் எடுத்தியாடே, மொதல்ல ஏர் எடு என்று திட்டியிருப்பார். காய்ந்த குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் பக்கத்துக் குழாய் நட்டை ஒரு சுற்று இளக்கி அந்தக் காற்றை வெளியேற்றாமல், ஆயிரம் தடவை ஹேண்டிலைச் சுற்றினாலும் எண்ணெய் தாண்டாது, வழி கிடைத்த பக்கம்தான் போகும். தன் வண்டி என்றதும், தன் அவசரம் என்றதும், அதைச் செய்யவே அவருக்குத் தோன்றவில்லை. ஆறு நாளாக அந்த நட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

எழுந்தார். ஸ்பேனரை வைத்து நட்டை இளக்கினார்.

காற்று வந்தது. முதலில் சன்னமாக, சீறலாக, பிறகு ஒருவர் நீளமாக மூச்சு விடுவதுபோல வந்தது. சேம்பர் நட்டைக் கழற்றி எண்ணெய் இறங்கிய அன்று அந்த எண்ணெய் இருந்த இடத்துக்குள் புகுந்த காற்று அது, பதினோரு வருஷத்துக்கு முந்திய ஒரு காலைப் பத்து மணியின் காற்று, அதில் அந்தக் காலத்துப் புதுப் பெயின்ட் வாசனை இருந்தது, வடிவு தலைக்குத் தேய்க்கும் கரிசலாங்கண்ணித் தைலத்தின் வாசனை இருந்தது, பைக் ஒன்று தூரத்தில் நின்று உறுமும் சத்தம் இருந்தது. அப்புறம் அவருடைய குரலே வந்தது. வண்டி இனி ஓடாதுட்டீ என்று அது கத்தியது. தன் குரலைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. பீவி தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள். அந்தக் கத்தலுக்கு அடியில் இருபத்துமூன்று வயது வடிவின் குரல் தெளிவாக வந்தது.

"எண்ணெய எறக்காதியப்பா. நீங்க வாரதுக்கு வண்டி வேணும்லா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்குப் பிறகு காற்றில் காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

ஆவுடையப்பன் அழுதார். மறைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் அவள் தன்னைத் திட்டிவிட்டுப் போனாள் என்று நினைத்திருந்தார். சாபம் விட்டாளோ என்றுகூட நினைத்திருந்தார். அவர் அழ அழ, இளக்கிய நட்டின் ஓரத்தில் நுரை கசிந்தது, நுரைக்குப் பின்னால் குமிழி வந்தது, குமிழிக்குப் பின்னால் தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய் வந்தது. பீவிதான், "அண்ணாச்சி, முடுக்குங்க, வீணாப் போவுது" என்று சொன்னாள். முடுக்கினார். கிழிந்த கையால் ஹேண்டிலைப் பிடித்து நாற்பது சுற்று சுற்றியதும் எஞ்சினின் தலையில், வரிசையாக, வால்வு இருக்கும் எட்டு இடங்களிலும் எண்ணெய் மினுங்கியது. அந்த நேரத்தில் ஊரில் எங்கோ ஒரு ராட்டினம் லேசாக முனகியது.

பீவி தையல் பில் ஒன்றின் பின்புறத்தில் விருதுநகர் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மிஷின் மறுபடி கடகடத்தது. அவள் நிறுத்தாமல் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பிளக்குகளை மாட்டி, பேட்டரி வயரைக் கொடுத்து, அதே ஹேண்டிலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் இருமாமல் திக்காமல் ஓடியது. அது ஓடிய சத்தம் கேட்டதும் ஊரில் ரேஷன் கடை ஷட்டர் பாதியில் நின்றது, தெய்வநாயகத்தின் கழுத்து நேராகிவிட்டது, கிழவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லா எண்ணெயும் புறப்பட்ட இடத்துக்கு வந்துகொண்டிருந்தது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது.

காரை மெல்ல ஓட்டிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்தார். செங்கோட்டை பாசஞ்சர் அப்போதுதான் போயிருந்தது. கேட் மூடியிருந்தது. கேட் கீப்பர் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார், கேட் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊர் பாதி அங்கே வந்து நின்றது. அவர்கள் கேட்டைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள். சும்மா நின்றாலே போதும், கேட் திறக்காது, விருதுநகரில் மகளின் ரயில் போய்விடும், நாளைக்குத் திங்கட்கிழமை எண்ணெய் முறை நடக்கும். இதை எல்லாரும் நினைத்தார்கள். நல்லவர்களும் நினைத்தார்கள். அரை மணி போனது. முக்கால் மணி போனது. ஆவுடையப்பன் ஹாரன் அடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை யாரிடமும் உதவி கேட்டுப் பழகாத மனிதன் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

டீக்கடையிலிருந்து பிச்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேட்டுக்கு அடியில் போய்த் தோளைக் கொடுத்து நின்று, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, வாங்க. நாக்கு வறளுததுக்குள்ள தூக்கிருவோம்."

சண்முகவேல் வந்தார். அப்புறம் கேட் கீப்பர், ரேஷன் கடைக்காரர், மேலத்தெருக்காரர்கள் ஆறேழு பேர், கடைசியாக நேரே மட்டும் பார்த்தபடி தெய்வநாயகம். மடங்காத முழங்கால்களை ஊன்றி, இறுகிய தோள்களைக் கொடுத்துத் தூக்கினார்கள். கேட் ஊரே கேட்கும்படி அலறிக்கொண்டு உயர்ந்தது. கார் அதற்கடியில் புகுந்து போனது. யாரும் கையசைக்கவில்லை, அவர்கள் கை கேட்டில் இருந்தது. அதற்குப் பிறகும் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணெய் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, கிறீச்சிட்டுக்கொண்டே பேசினார்கள்.

எஞ்சின் புதுசாக இளகியிருந்ததால் நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினார். சங்கரன்கோவில், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போது மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்தே சொல்லிப் பழகினார்.

விருதுநகரில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்துப் போனபோது மணி ஒன்று. பச்சைக் கேட் போட்ட வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எட்வின் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், காரைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார். ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் காரை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை. நிறுத்தினால் எண்ணெய் இறங்கிப் போய்விடுமோ, மறுபடி எல்லாம் காய்ந்துவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே வாசலைப் பார்த்தார்.

வடிவு வெளியே வந்தாள். முன்னைவிடச் சதை போட்டிருந்தாள், காதோரம் ஒன்றிரண்டு நரைத்திருந்தது. அவள் நேரே அவரிடம் வரவில்லை. காருக்கு முன்னால் போய் நின்று, தலையை ஒருபக்கம் சாய்த்து, எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பானெட் மேல் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல தாயி," என்றார் ஆவுடையப்பன். "வண்டிக்கு அடியில கெடந்தேன். நேத்துதான் கேட்டுது."

வடிவு அதற்கு ஆச்சரியப்படவில்லை. அவளும் கருத்தான்விலக்குக்காரிதானே.

"நேத்தாவது கேட்டுச்சே," என்றாள். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். தெரு அமைதியானது. "பயப்படாதியப்பா, எண்ணெய் எறங்காது. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. எறங்குங்க."

அவர் கார்க் கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த மனிதர் அந்தக் கதவுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. அது தெருக்கோடி வரை கேட்கும்படி கிறீச்சிட்டது. சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் இறங்கி, செருப்பைக் கழற்றிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, படி ஏறினார்.